முப்பத்திரண்டு ஆண்டு விரைவோட்டம்

1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. நான்கு ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கைச் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஜெர்மனியும் அவற்றின் தோழமை நாடுகளில் பெரும்பாலானவையும் புறக்கணித்தன. பெண்களுக்கான குறுந்தொலைவு ஓட்டத்தை அன்று தங்கள் கையில் வைத்திருந்தவை இந்த இரண்டு தரப்புகள்தான். அதனால் அந்த இரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கியவர்களைப் பற்றி, எதிர்த்தரப்பும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஆளாகாதவர் ஒருவர் உண்டு. ஜமைக்காவின் மெர்லின் ஓட்டி மாஸ்கோவில் 200 மீட்டரில் ஒரு கிழக்கு ஜெர்மானியருக்கும் ஒரு சோவியத் வீராங்கனைக்கும் பின்னால் மூன்றாவதாக வந்தார். லாஸ் ஏஞ்சலிசில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் இரண்டு அமெரிக்கர்களுக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தார். பனிப்போரின் இரு முகாம்களையும் அவரவர் கோட்டையிலேயே சந்தித்து, இரண்டு இடத்திலும் இந்தத் தூரங்களில் பதக்கத்தோடு திரும்பிய பெண் அவர் ஒருவரே.

அதற்குக் கிடைத்த பெயர் ‘வெண்கல அரசி’. ஒலிம்பிக்கில் மொத்தம் ஒன்பது பதக்கம்: மூன்று வெள்ளி, ஆறு வெண்கலம், தங்கம் இல்லை. உலகத் தடகளப் போட்டிகளில் பதினான்கு: மூன்று தங்கம், நான்கு வெள்ளி, ஏழு வெண்கலம். இந்த எண்களை வைத்து, தொட முடியாத தங்கத்துக்காகக் கடைசிவரை ஓடிய ஒரு சோகநாயகியாகவே அவரைப் பலரும் எழுதிவந்திருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பதக்க வரிசை ஒரு மாலைப் பொழுதின் முடிவைச் சொல்லும். ஓர் ஓட்டக்காரியின் தரத்தை அளக்க அது போதாது. மெர்லினின் வாழ்வை நேரங்களைக் கொண்டும், ஆண்டுகளைக் கொண்டும், ஓடுதளத்துக்கு வெளியே அந்தக் காலத்தில் நடந்தவற்றைக் கொண்டும் படித்தால் வேறொரு படம் கிடைக்கிறது.

முதலில் நேரங்கள். 1980க்கும் 2000க்கும் இடையே அவர் ஒலிம்பிக்கில் ஒன்பது தனிநபர் இறுதி ஓட்டங்களில் ஓடினார். ஒன்றில்கூட ஐந்தாம் இடத்துக்குக் கீழே போனதில்லை. 1988 சோலில் 200 மீட்டரை 21.99 விநாடியில் ஓடி நான்காவதாக வந்தார். அதே தூரத்தில் மாஸ்கோவில் தங்கம் வென்ற நேரம் 22.03, அட்லாண்டாவில் 22.12. 1992 பார்சிலோனாவில் 100 மீட்டரில் ஐந்தாவது. அவருடைய நேரம் 10.88. லாஸ் ஏஞ்சலிசில் 10.97க்கும், அட்லாண்டாவில் 10.94க்கும் தங்கம் போயிருக்கிறது. ஓடுதளமும் காற்றும் ஊருக்கு ஊர் மாறும், ஓர் ஆண்டின் நேரத்தை இன்னோர் ஆண்டின் நேரத்தோடு நேராகப் பொருத்துவது சரியான கணக்காகாது என்பது உண்மைதான். ஆனாலும் பார்சிலோனாவின் அந்த ஓட்டத்தைப் பாருங்கள்: கெயில் டெவர்ஸ் 10.82, ஜூலியட் கத்பெர்ட் 10.83, இரீனா பிரிவலோவா 10.84, குவென் டொரன்ஸ் 10.86, மெர்லின் 10.88. முதலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே 0.06 விநாடி, அதாவது ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர். அந்த இடைவெளிக்குள் ஐந்து பெண்கள்.

ஜமைக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள ஹானோவர் மாவட்டத்தில் 1960 மே 10 அன்று அவர் பிறந்தார். தீவு அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. விடுதலை கிடைத்தது 1962இல். ஆனால் ஓட்டம் அதற்கு முன்பே அங்கே தேசியப் பெருமையாகிவிட்டது. 1948 லண்டனில் ஆர்தர் வின்ட் 400 மீட்டரில் தங்கம் வென்றார். 1952 ஹெல்சிங்கியில் ஜமைக்காவின் தொடர் ஓட்டக் குழு தங்கம் வென்றது. பள்ளிகளுக்கிடையேயான தடகளப் போட்டி 1910இலிருந்து நடந்துவருகிறது. ‘சேம்ப்ஸ்’ என்று ஊரே சொல்லும் அந்தப் போட்டிக்குக் கிங்ஸ்டனில் அரங்கம் நிரம்பி வழியும். மெர்லின் பதினாறு வயதில் இருந்தபோது டான் குவாரி மொன்றியால் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். அந்த ஓட்டத்தின் வானொலி வருணனைதான் தன்னை இந்தப் பக்கம் திருப்பியது என்று மெர்லின் சொல்லியிருக்கிறார். ஆனால் வின்ட், குவாரி என்று அந்த வரிசையில் அதுவரை இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். 1979இல் பான் அமெரிக்கப் போட்டியில் வெண்கலம் வென்று, அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். மறு ஆண்டு மாஸ்கோவில் 22.20 விநாடி. ஆங்கிலம் பேசும் கரீபிய நாடுகளிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் பெண் அவர்தான்.

அவருக்கு முந்திய தலைமுறையில் பெண்களின் விரைவோட்ட வாழ்வு மிகக் குறுகியது. 1960 ரோமில் மூன்று தங்கம் வென்ற வில்மா ருடால்ஃப் 1962இல், 22 வயதில் ஓட்டத்தை விட்டார். 1948இல் நான்கு தங்கம் வென்ற ஃபானி பிளாங்கர்ஸ்-கோனைப் பார்த்து, முப்பது வயதில் இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு இது எதற்கு என்று கேட்டார்கள். விதிவிலக்காகப் போலந்தின் இரீனா ஷெவின்ஸ்கா 1964 முதல் ஐந்து ஒலிம்பிக்கில் ஓடினார். உடல் தளர்ந்ததால் மற்றவர்கள் விலகினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அமெச்சூர் விதி ஓட்டத்தால் ஒரு காசும் சம்பாதிக்க விடவில்லை. கல்லூரி முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும், அல்லது திருமணம். 1980களின் தொடக்கத்தில் அந்த விதி தளர்ந்தது. 1985இல் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் கிராண்ட் பிரி சுற்றுப் போட்டிகளைத் தொடங்கியது. சூரிச், பிரஸ்ஸல்ஸ், மிலான், லோசான் என்று கோடை முழுவதும் ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் பணம். ஐரோப்பாவிலேயே தங்கி அந்தச் சுற்றில் ஆண்டுதோறும் ஓடியவர்களில் மெர்லின் முதல் வரிசையில் இருந்தார். அவர் இத்தனை காலம் ஓடியதற்கு மன உறுதியை மட்டும் காரணம் சொல்பவர்கள் இந்தப் பொருளாதாரத்தை மறந்துவிடுகிறார்கள். ஓட்டம் சோறு போட்டது. அதனால் ஓட முடிந்தது. ருடால்ஃபுக்கு அது வாய்க்கவில்லை.

மெர்லினின் மிக வேகமான ஓட்டங்கள் எப்போது நிகழ்ந்தன என்று பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1991 ஆகஸ்டில் தோக்கியோ உலகப் போட்டிக்கு 100 மீட்டரில் எல்லாரும் எதிர்பார்த்த வெற்றியாளராகப் போனார். ஜெர்மனியின் காட்ரின் கிராபே இரண்டு தூரத்தையும் வென்றார்; மெர்லினுக்கு இரண்டிலும் வெண்கலம். 200 மீட்டரில் கிராபே 22.09, மெர்லின் 22.21. போட்டி முடிந்து இரண்டு வாரத்துக்குள், செப்டம்பர் 13 அன்று, பிரஸ்ஸல்சில் மெர்லின் 200 மீட்டரை 21.64இல் ஓடினார். தோக்கியோவில் எதிர்க்காற்று இருந்தது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் அது பெரிய வேறுபாடு. பெண்களுக்கான 200 மீட்டர் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 1948 முதல் 2016 வரை, இறுதி ஓட்டத்தில் இந்த நேரத்தைவிட வேகமாக ஓடி வென்றவர் ஒருவரே: 1988இல் 21.34 ஓடிய ஃபுளோரன்ஸ் கிரிஃபித்-ஜாய்னர். 1996இலும் இதேதான் நடந்தது. ஜூலை கடைசியில் அட்லாண்டாவில் 100 மீட்டரை 10.94இல் முடித்தார், செப்டம்பர் 7 அன்று மிலானில் 10.74. அவருடைய வாழ்நாளின் மிக வேகமான 100 மீட்டர் அது. அப்போது அவருக்கு வயது 36.

பெரிய போட்டியில் அவருக்கு மனம் நடுங்கியது என்பது இதற்குச் சொல்லப்பட்ட எளிய விளக்கம். நான் அதை ஏற்கவில்லை. அன்றைய உலகப் போட்டியில் 100 மீட்டருக்கு நான்கு சுற்று, 200 மீட்டருக்கு மூன்று நான்கு சுற்று, அதன்மேல் தொடர் ஓட்டம். ஒரு வாரத்துக்குள் பத்து முறை தொடக்கக் கட்டையில் குனிய வேண்டியிருந்தது. மெர்லின் ஏறத்தாழ ஒவ்வொரு போட்டியிலும் மூன்றிலும் ஓடினார். கிராண்ட் பிரியில் ஒரே மாலை, ஒரே ஓட்டம். தவிர, அவருடைய பலம் வளைவிலும் கடைசி நாற்பது மீட்டரிலும் இருந்தது; நெருக்கமான 100 மீட்டரில் முதல் பத்து மீட்டரிலேயே முந்திக்கொள்ளும் டெவர்ஸ் போன்றவரை எட்டிப் பிடிக்கத் தூரம் போதவில்லை. நடுங்கும் மனம் இருபது ஆண்டு இடைவெளியில் பதக்கங்களை எடுத்து வந்திருக்காது.

1993 ஆகஸ்டில் ஷ்டுட்கார்ட் உலகப் போட்டி. 100 மீட்டர் இறுதியில் டெவர்சும் மெர்லினும் ஒன்றாகக் கோட்டைக் கடந்தார்கள். இருவருக்கும் 10.82. அரங்கத்தில் இருந்தவர்களில் பலர் மெர்லின் வென்றுவிட்டார் என்றே நினைத்தார்கள். முடிவைச் சொன்னது கேமரா.

அந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அது ஓட்டத்தைப் பார்ப்பதே இல்லை. முடிவுக்கோட்டை மட்டும், ஒரு மெல்லிய கீற்று வழியாக, விநாடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் படம் எடுக்கிறது. அந்தக் கீற்றுகளை வரிசையாக ஒட்டினால் வருவது நாம் காணும் படம். அதில் இடமிருந்து வலமாக இருப்பது காலம். உடல்கள் நீண்டும் வளைந்தும் தெரிவது அதனால்தான். நடுவர் ஒவ்வொருவரின் மார்புப் பகுதி கோட்டைத் தொட்ட கணத்தில் ஒரு கோடு வரைவார். தலை, கழுத்து, கை, கால் கணக்கில் சேராது. நூறில் ஒரு பங்கு வரைதான் நேரம் அறிவிக்கப்படும். அதற்குக் கீழே ஏதேனும் மிஞ்சினால் மேல்நோக்கி முழுமையாக்குவார்கள். அதனால் 10.811ம் 10.82, 10.812ம் 10.82. ஆனால் இடத்தைத் தீர்மானிக்க ஆயிரத்தில் ஒரு பங்கையும் பார்க்கலாம். டெவர்சுக்கு 10.811, மெர்லினுக்கு 10.812. அந்த வேகத்தில் ஆயிரத்தில் ஒரு விநாடி என்பது ஒரு சென்டிமீட்டர்.

ஜமைக்கா முறையீடு செய்தது, ஏற்கப்படவில்லை. பதக்கம் வழங்கும்போது அரங்கம் எழுந்து நின்று நெடுநேரம் மெர்லினுக்குக் கைதட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளியைக் கருவி கண்டுபிடித்துவிட்டது, நாங்கள் கண்டது சமன்தான் என்று கூட்டம் தன் சாட்சியத்தைப் பதிவுசெய்தது போல எனக்குப் படுகிறது. டெவர்சின் வெற்றியைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவர் கிரேவ்ஸ் நோயில் வீழ்ந்து, கால்களை எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலைவரை போய் மீண்டவர். அந்த ஒரு சென்டிமீட்டருக்கு அவரும் உரியவர்தான்.

சில நாளில் 200 மீட்டர். 21.98இல் மெர்லின் வென்றார், டொரன்சுக்கு 22.00. ஒலிம்பிக்கையும் உலகப் போட்டியையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய முதல் தனிநபர்த் தங்கம் அது. வயது 33. அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரான்சின் லியேவான் நகரில் உள்ளரங்கில் 200 மீட்டரை 21.87இல் ஓடியிருந்தார். உள்ளரங்க ஓடுதளத்தின் சுற்று 200 மீட்டர்தான். வளைவு இறுக்கமாகவும் சரிந்தும் இருக்கும், வேகத்தைத் தக்கவைப்பது கடினம். அந்த உலக சாதனை முப்பது ஆண்டு கடந்தும் நிலைத்திருக்கிறது. ஒலிம்பிக்கும் உலகப் போட்டியும் மட்டுமே கண்ணில் படும் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

இரண்டு ஆண்டு கழித்துக் கோதன்பர்கில் மறுபடியும் 200 மீட்டர் தங்கம். முதலில் வந்தவர் டொரன்ஸ், 21.77, ஆனால் வளைவில் உட்கோட்டை மிதித்ததற்காக நீக்கப்பட்டார். 22.12 ஓடிய மெர்லினுக்குப் பட்டம் வந்தது. அதிர்ஷ்டம் என்றால் இது அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். அட்லாண்டாவில் 1996இல் அது மறுபக்கம் சாய்ந்தது: 100 மீட்டரில் மறுபடியும் டெவர்சும் அவரும், இருவருக்கும் 10.94, மறுபடியும் கேமரா. இம்முறை இடைவெளி ஆயிரத்தில் ஐந்து. இரண்டு உச்சப் போட்டிகள், இரண்டு முறை ஒரே எதிராளி, இரண்டு முறை அறிவிப்புப் பலகையில் ஒரே நேரம். 200 மீட்டரில் பிரான்சின் மாரி-ஜோசே பெரெக்கிடம் தோற்று இன்னொரு வெள்ளி. டெவர்சோடு ஓடிய அந்த இரண்டு 100 மீட்டரையும் சேர்த்தால், அவரைத் தங்கத்திலிருந்து பிரித்தது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஆறு பங்குதான்.

1997 ஏதென்ஸ் உலகப் போட்டியில் இலங்கை வாசகர்கள் மறக்காத ஓர் ஓட்டம் இருக்கிறது. 100 மீட்டர் இறுதியில் தவறான தொடக்கம் நிகழ்ந்து, திரும்ப அழைக்கும் துப்பாக்கி ஒலி காதில் விழாமல் மெர்லின் பாதித் தூரம்வரை தனியே பாய்ந்துவிட்டார். மீண்டும் தொடங்கிய ஓட்டத்தில் கால்களில் எதுவும் மிச்சமில்லை; ஏழாவது. பிறகு 200 மீட்டர். உக்ரைனின் ஷன்னா பின்டுசெவிச் 22.32இல் வென்றார். இரண்டாவது சுசந்திகா ஜயசிங்க, 22.39. மூன்றாவது மெர்லின், 22.40. இலங்கையின் கிராமப்புறத்திலிருந்து வந்த இளம்பெண் 37 வயது மெர்லினை நூறில் ஒரு விநாடியில் முந்தினார். இந்த இருவரின் பெயரும் மூன்று ஆண்டு கழித்து இன்னொரு கணக்கில் சேர்ந்து வரும்.

அதற்கு முன் ஊக்கமருந்து. இதைத் தவிர்த்துவிட்டு இந்தக் காலத்துப் பெண்கள் விரைவோட்டத்தை எழுத முடியாது. ஜெர்மனி ஒன்றானபின் பிரிகிட்டே பெரன்டோங்கும் வெர்னர் ஃபிராங்கேயும் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள், கிழக்கு ஜெர்மனி தன் வீராங்கனைகளுக்கு அரசுத் திட்டமாகவே ஆண் ஹார்மோன் மருந்துகளைக் கொடுத்ததைக் காட்டின. தோக்கியோவில் வென்ற கிராபே மறு ஆண்டு கிளென்பியூட்டரால் என்ற மருந்துக்குச் சோதனையில் சிக்கினார். சிட்னியில் வென்ற மேரியன் ஜோன்ஸ் 2007இல் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டார். மெர்லினுக்கு முன்னால் ஓடியவர்களின் பட்டியலில் இப்படி அடிக்கோடிட வேண்டிய பெயர்கள் பல. இதைக் கொண்டு, அவருக்கு வர வேண்டிய தங்கம் திருடப்பட்டது என்று முடித்துவிட ஆசை வரும். ஆனால் அவர் பெயரும் ஒருமுறை பட்டியலில் வந்தது.

1999 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் போட்டியில் எடுத்த மாதிரியில் நான்ட்ரலோன் இருப்பதாக ஆய்வகம் சொன்னது. அந்த ஆண்டு லின்ஃபோர்டு கிறிஸ்டி உட்பட வேறு சில பெயர்பெற்ற ஓட்டக்காரர்களும் இதே பொருளுக்குச் சிக்கினார்கள். மெர்லின் செவில் உலகப் போட்டியிலிருந்து விலகினார்; தான் எதையும் எடுக்கவில்லை என்று மறுத்தார். ஜமைக்கா சம்மேளனம் அவரைக் குற்றமற்றவர் என்றது. சர்வதேசச் சம்மேளனம் ஏற்காமல் நடுவர் குழுவுக்கு அனுப்பியது. 2000 ஜூலையில் அந்தக் குழு அவரை விடுவித்தது. சட்டப்படி வழக்கு அங்கே முடிந்தது. அவரைத் தூயவராகக் காட்டி எதிராளிகளை மட்டும் கறைபட்டவர்களாகக் காட்டும் எழுத்து, இந்த ஓராண்டை ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. அது நியாயமில்லை. சோதனையில் சிக்கியதும் விடுவிக்கப்பட்டதும் இரண்டுமே பதிவாக வேண்டியவை. எதிராளிகளுக்கும் அதே அளவுகோல் வேண்டும். ஒருபோதும் சோதனையில் சிக்காத கிரிஃபித்-ஜாய்னரை ஐயத்தின் பேரிலேயே குற்றவாளியாக்கும் பேச்சையும் அதனால்தான் நான் ஏற்பதில்லை.

தடை நீங்கிய சில வாரத்தில் ஜமைக்காவின் ஒலிம்பிக் தேர்வு ஓட்டம். 100 மீட்டரில் மெர்லின் நான்காவது. மூன்று பேருக்குத்தான் இடம். சம்மேளனம் முதலிடம் பெற்ற இளம் வீராங்கனையை 100 மீட்டரிலிருந்து விலக்கி, அந்த இடத்தை மெர்லினுக்குக் கொடுத்தது. சிட்னியின் ஒலிம்பிக் கிராமத்தில் ஜமைக்கா அணியினரே பதாகை பிடித்துப் போராடினார்கள். இருபது ஆண்டு நாட்டுக்காக ஓடியவருக்கு எதிராக அவருடைய சொந்த அணி. இந்த இடத்தில் என் மனம் மெர்லின் பக்கம் சாய்கிறது, ஆனால் நியாயம் இளையவர்கள் பக்கம்தான். தேர்வு ஓட்டம் என்று ஒன்றை வைத்துவிட்டு முதலில் வந்தவரை ஒதுக்குவது, ஒதுக்கப்பட்டவர் யாராயினும், தவறு. ஓடுதளத்தில் மெர்லின் நன்றாகவே ஓடினார்: 11.19, நான்காவது, மூன்றாவதாக வந்த சக ஜமைக்கர் தய்னா லாரன்சுக்கு நூறில் ஒரு பங்கு பின்னால். ஆனால் நன்றாக ஓடியது தேர்வின் குறையைச் சரிசெய்துவிடாது.

அதே ஒலிம்பிக்கின் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ஜமைக்காவுக்கு வெள்ளி. இரண்டாம் பகுதியை ஓடிய வெரோனிகா கேம்பெலுக்கு வயது 18. கடைசிப் பகுதியை ஓடிய மெர்லினுக்கு 40. மெர்லின் மாஸ்கோவில் முதல் பதக்கம் வாங்கியபோது கேம்பெல் பிறந்திருக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து ஏதென்சில் 200 மீட்டரில் தங்கம் வென்றவர் இதே கேம்பெல்தான். மெர்லினுக்குக் கிட்டாததைத் தொட்ட அவர், குறுந்தொலைவு ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஜமைக்கப் பெண்.

சிட்னியின் கணக்கு 2009 டிசம்பரில்தான் முடிந்தது. ஜோன்சின் பதக்கங்கள் பறிக்கப்பட்டபின் எல்லாரும் ஓர் இடம் மேலே ஏற வேண்டும். 200 மீட்டரில் அப்படியே நடந்தது: பஹாமாசின் பாலின் டேவிஸ்-தாம்சனுக்குத் தங்கம், சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. 100 மீட்டரில் சிக்கல். இரண்டாவதாக வந்த கிரேக்கத்தின் கத்தரீனா தானு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு முன் ஊக்கமருந்துச் சோதனைக்கு வராமல் போனவர். அவருக்குத் தங்கம் கொடுக்க ஒலிம்பிக் குழு மறுத்தது. தானு வெள்ளியிலேயே நிற்க, லாரன்சுக்கும் வெள்ளி, மெர்லினுக்கு வெண்கலம். தங்கம் யாருக்கும் இல்லை. சிட்னியின் பெண்கள் 100 மீட்டருக்கு இன்றுவரை வெற்றியாளர் கிடையாது. மெர்லினின் ஒன்பதாவது ஒலிம்பிக் பதக்கம் இப்படி, ஓடி ஒன்பது ஆண்டு கழித்து, 49 வயதில் வந்தது. பதக்கப் பட்டியலை இறுதித் தீர்ப்பாகக் கொள்பவர்கள் இந்த ஒரு வெண்கலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிட்னிக்குப்பின் அவர் ஜமைக்காவுக்காக ஓடவில்லை. பயிற்சியாளர் ஸ்ர்ஜான் ஜோர்ஜெவிச்சோடு லுப்லியானாவில் சில ஆண்டாகவே பயிற்சி செய்துவந்தார். 2002இல் ஸ்லொவீனியக் குடியுரிமை பெற்றார். இருபது லட்சம் பேர் கொண்ட, அவர் முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பின் பதினொரு ஆண்டு கழித்து உருவான நாடு அது. அந்தக் கொடியின் கீழ் 2004 ஏதென்சில், 44 வயதில், 100 மீட்டர் அரையிறுதிவரை போனார். அது அவருடைய ஏழாவது ஒலிம்பிக். தடகளத்தில் அதற்குமுன் யாரும் ஏழு கண்டதில்லை. 2007 ஒசாகா உலகப் போட்டியில் 47 வயதில் முதல் சுற்றில் ஓடினார். பெய்ஜிங் ஒலிம்பிக்குத் தகுதி நேரத்தை எட்ட முடியவில்லை.

வயது விரைவோட்டத்தில் என்ன செய்கிறது என்பது ஓரளவு தெரிந்ததே. வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் மெலிகின்றன. பாதம் தரையில் இருக்கும் நேரம் நீள்கிறது. உச்ச வேகத்தில் அது விநாடியில் பத்தில் ஒரு பங்களவுதான் இருக்க வேண்டும். எட்டின் நீளம் குறைகிறது. எட்டு வைக்கும் விரைவு மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை. மெர்லினின் உடலில் இந்த இறக்கம் மிக மெதுவாக நிகழ்ந்தது: 36 வயதில் 10.74, நாற்பதில் 10.99, ஐம்பதில் 11.67. பதினான்கு ஆண்டில் ஒரு விநாடிக்கும் குறைவு. பெரிய காயம் அதிகமில்லாமை, இடைவெளி விடாத பயிற்சி, நேராக நிமிர்ந்து ஓடும் சிக்கனமான அசைவு ஆகியவை இதற்குத் துணைநின்றிருக்கும் என்பது என் ஊகம்.

2010 ஐரோப்பியப் போட்டி பார்சிலோனாவில், 2012 ஐரோப்பியப் போட்டி ஹெல்சிங்கியில். இரண்டிலும் ஸ்லொவீனியாவின் தொடர் ஓட்டக் குழுவில் ஓடினார். முதலதில் வயது 50, அடுத்ததில் 52. குழு இறுதிக்குப் போகவில்லை. 1983இல், உலகத் தடகளப் போட்டி முதன்முதலாக நடந்தபோது, இதே ஹெல்சிங்கியில்தான் 200 மீட்டரில் மாரிட்டா கோஹுக்குப் பின்னால் வெள்ளி வாங்கியிருந்தார்.

இதற்கிடையில் ஜமைக்கா அவரிடம் சமாதானமாகிவிட்டது. அவர் ஸ்லொவீனியாவுக்காக ஓடிக்கொண்டிருந்த 2005இலேயே கிங்ஸ்டன் தேசிய அரங்கத்தில் அவருக்குச் சிலை வைத்தது. ஆனால் அவர் அந்தத் தீவுக்கு விட்டுச் சென்றதைச் சிலையைவிட நேரப் பட்டியல் நன்றாகக் காட்டும். 100 மீட்டரில் அவருடைய 10.74 தேசிய சாதனையாக 2009 வரை நின்றது. ஷெல்லி-ஆன் ஃபிரேசர் பெர்லினில் 10.73 ஓடி அதை உடைத்தார். 200 மீட்டரில் 21.64 என்பது முப்பது ஆண்டு நின்று, 2021இல் எலைன் தாம்சன்-ஹேரா 21.53 ஓடியபோதுதான் விழுந்தது. பெய்ஜிங்கிலும் 2021 தோக்கியோவிலும் பெண்கள் 100 மீட்டர்ப் பதக்கங்கள் மூன்றும் ஜமைக்காவுக்கே போயின. அதே தோக்கியோவில் ஒலிம்பிக் பதக்க எண்ணிக்கையிலும் அமெரிக்காவின் அலிசன் ஃபீலிக்ஸ் மெர்லினைத் தாண்டினார். ஃபீலிக்ஸ் அப்போது 35 வயதுத் தாய். ஃபிரேசரும் தாயானபின் திரும்பி வந்து, 2022இல் யூஜீன் நகரில் 10.67இல் ஐந்தாவது முறையாக 100 மீட்டர் உலகப் பட்டத்தை வென்றார், அவருக்கும் 35. கோதன்பர்கில் 200 மீட்டர்ப் பட்டம் பெற்றபோது மெர்லினுக்கு இருந்த வயதும் அதுவே.